மாரிக்கு ஏசியை நிப்பாட்டி வைச்சா காஸ் போகுமோ? வருசம் முழுக்கப் போட வேணுமோ?

பருத்தித்துறை_வாடை:

எல்லாருக்கும் வணக்கம். இதாலை வீட்டிலை ஒரு சின்னச் சண்டையே போகுது, அதுதான் இஞ்சை கொண்டந்து போடுறன், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

எங்களிட்டை நிக்கிறது 2014 வாகன்ஆர், 660 சீசீ, ஹைபிரிட் (பெற்றோலோடை பற்றறியும் சேர்ந்து ஓடுறது) இல்லாதது. வீடு பருத்தித்துறையிலை, வாசல்லை நிண்டா கடல் தெரியாது ஆனா இரவிலை அலைச்சத்தம் கேக்கும். அப்பர்தான் காருக்கு முதலாளி, நான் டிரைவர். அவற்ற சட்டம் என்னெண்டா கார்த்திகையிலை மழை துவங்கினா ஏசி பட்டன்லை ஆரும் கை வைக்கப்படாது, மாசி முடிஞ்சு வெய்யில் ஏறினாப்பிறகு பங்குனியிலைதான் திருப்பிப் போடுறது. "மழைக்கு ஆரடா ஏசி போடுறவன்" எண்டு ஒரே கதை. அம்மாவுக்கும் பீனிசம் இருக்கிறபடியா அவவும் அவற்ற பக்கம்.

இந்த வருசம் பங்குனியிலை போட்டா வெறும் சூட்டுக் காத்துதான் வருது. கராஜுக்குக் கொண்டுபோனம், காஸ் அடிச்சுத் தந்தினம், நல்லாக் குளிர்ந்தது. ரண்டு மாசம் கழிய கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு ஆடியிலை திருப்பி அதே சூட்டுக் காத்து, திருப்பி காஸ், திருப்பிக் காசு. இப்ப ஐப்பசி, மத்தியானத்திலை குளிர் காணாமல் வரத் துவங்கீட்டுது. கராஜ்காரர் சொல்லுறார் நீங்கள் மாரிக்கு நிப்பாட்டி வைச்சபடியாத்தான் சீல் காய்ஞ்சு காஸ் போகுது, இனி வருசம் முழுக்கப் போடுங்கோ எண்டு. அப்பர் சொல்லுறார் அவன் காஸ் விக்கிறவன், வேறை என்னத்தைச் சொல்லுவான் எண்டு.

உண்மையிலை நிப்பாட்டி வைச்சா பழுதாகுமோ? இல்லை உது காசடிக்கிற கதையோ? இன்னும் ரண்டு மூண்டு கிழமையிலை மழை பிடிச்சிடும், அதுக்குள்ளை முடிவெடுக்க வேணும்.

கொக்குவில்_குறுக்கால:

என்ர ஆல்ற்றோவிலை நான் வாங்கின நாளிலை இருந்து ஏசி இல்லை. வருசம் முழுக்கக் கண்ணாடி இறக்கித்தான் ஓட்டம், சீலும் காயேல்லை காஸும் போகேல்லை. சோளகம் அடிக்கேக்கை மட்டும் வீட்டை போய்ச் சேர மனுசி ஆரெண்டு கேப்பா, அவ்வளவு செம்மண்.

ஸ்பனர்_பன்ரண்டு:

தம்பி, நான் இந்த வேலையிலை கன வருசம் நிண்டனான், இப்ப கண் ஏலாமல் விட்டிட்டன், ஆனா ஏசி வேலைதான் கூடச் செய்தது. உங்கட கராஜ்காரர் சொன்னது பொய் எண்டு சொல்லமாட்டன், அப்பர் சந்தேகப்படுறதும் பிழையில்லை. ரண்டும் எப்பிடி எண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கோ.

முதல்லை காஸ் எண்ட சொல்லாலைதான் பாதிக் குழப்பம். பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்லை அது. மூடின குழாய்க்குள்ளை அதே காஸ்தான் சுத்திச் சுத்தி வரும். கொம்பிறசர் அதை அமத்திச் சூடாக்கி அனுப்பும், றேடியேற்றருக்கு முன்னாலை நிக்கிற கொண்டென்சர்லை அந்தச் சூடு வெளியிலை போய் காஸ் தண்ணி மாதிரி ஆகும், பிறகு வால்வுக்குள்ளாலை டாஷ்போர்ட்டுக்குப் பின்னாலை இருக்கிற கூலிங் கொயிலுக்குள்ளை போய் விரியேக்கைதான் குளிர் வாறது, பேந்து திருப்பிக் கொம்பிறசருக்கு. உங்கட காருக்கு 134ஏ எண்ட காஸ், அரைக்கிலோவுக்கும் குறைவாத்தான் பிடிக்கும். ஏசி போட்டாலும் போடாட்டிலும் அது உள்ளுக்கைதான் கிடக்க வேணும். றப்பர் ஹோசுக்குள்ளாலை கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாப் போறது இருக்கு, ஆனா அது வருசக்கணக்கிலை நடக்கிற விசயம். ரண்டு மாசத்திலை குளிர் போகுதெண்டா எங்கையோ ஓட்டை, அதுக்கு மேலை கதையில்லை.

இனி சீல் கதை. கொம்பிறசரைச் சுத்துறது எஞ்சின் பெல்ற். பெல்ற் வெளியிலை, கொம்பிறசர் உள்ளுக்கை, அப்ப நடுவிலை ஒரு தண்டு வெளியிலை வந்துதானே ஆகவேணும், அந்தத் தண்டைச் சுத்தி ஒரு றப்பர் சீல் இருக்கும். காஸோடை சேர்ந்து ஒரு ஒயிலும் உள்ளுக்கை ஓடுது, அது வந்து நனைச்சுக்கொண்டு இருக்கிற மட்டும்தான் அந்தச் சீல் வடிவா ஒட்டிக்கொண்டு நிக்கும். மாசக்கணக்கா நிப்பாட்டி வைச்சா ஒயில் கீழை வடிஞ்சு போய் சீல் காய்ஞ்சு விறைச்சுப்போம், கசியத் துவங்கும். உது உண்மை. கார் வாங்கேக்கை தாற புத்தகங்கள் கனத்திலையே குளிர்காலத்திலையும் இடைக்கிடை ஏசியைப் போடச்சொல்லி எழுதிக் கிடக்கும், ஆர் வாசிக்கிறது.

ஆனா அதுக்காண்டி வருசம் முழுக்க 24 மணித்தியாலமும் போட வேணும் எண்டில்லை. கிழமைக்கு ஒருக்கா 10 நிமிசம் காணும். சந்தைக்குப் போட்டு வரேக்கை போட்டு விட்டாலே ஒயில் ஒரு சுத்துச் சுத்தி வந்திடும். இதுக்கு என்ன பெற்றோல் போகப்போகுது.

இப்ப கராஜ்காரர் விட்ட பிழைக்கு வாறன். சீல்தான் எண்டு அவர் எப்பிடிக் கண்டுபிடிச்சவர்? ஓட்டை பாத்தவரோ? முதல்தரம் காஸ் அடிக்க முந்தி வக்கியூம் பம்பிலை அரை மணித்தியாலமாவது குழாய்க்குள்ளை இருக்கிற காத்தை இழுத்து, பம்பை நிப்பாட்டிப் போட்டு மீற்றர் ஊசி ஏறுதோ அப்பிடியே நிக்குதோ எண்டு பாக்க வேணும், உள்ளை இருக்கிற ஈரமும் அதிலைதான் போகும். இரண்டாந்தரம் வந்தாப்பிறகும் ஓட்டை தேடாமல் அடிக்கிறது வேலையில்லை, ஓட்டை வாளியிலை தண்ணி ஊத்தி விக்கிறது. அந்தக் காஸ் காத்திலை போறதும் சும்மா இல்லை, காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கு மேலை பூமியைச் சூடாக்கிற சாமான்.

நீங்கள் அலைச்சத்தம் கேக்கும் எண்டு எழுதினதை வாசிச்ச உடனை எனக்குச் சீல்லை சந்தேகம் போகேல்லை, கொண்டென்சர்லைதான் போனது. அது மெல்லிசு அலுமினியம், காரின்ர மூக்கிலை நிக்குது, வாடைக்காத்திலை வாற உப்பெல்லாம் முதல்லை படுறது அதிலைதான். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காரைநகர்க் கார் எத்தினைக்குக் கொண்டென்சர் மாத்தியிருப்பன் எண்டு கணக்கே இல்லை. அதுவும் கீழ் மூலையிலை மண்ணும் உப்பும் சேர்ந்து ஈரமாக் கிடந்து அரிக்கும். காஸ் அடிக்கேக்கை பச்சையா மினுங்கிற சாயம் ஒண்டும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கோ, ஒரு கிழமை ஓடிப்போட்டு இருட்டுக்குள்ளை நீல லைற் அடிச்சா எங்கை கசியுதெண்டு தானாத் தெரியும். அதுக்கு முதல் ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

பருத்தித்துறை_வாடை:

அண்ணை, பெரிய நன்றி. வக்கியூம் இழுத்ததோ எண்டு தெரியேல்லை, நான் நிண்டு பாக்கேல்லை, தேத்தண்ணி குடிச்சிட்டு வர முடிஞ்சுது. யோசிச்சா அரை மணித்தியாலம் எல்லாம் போயிருக்காது.

நல்லூர்_ரீச்சர்:

ஸ்பனர் அண்ணை எழுதினதோடை ஒண்டு நான் சேர்க்கிறன், ஏனெண்டா உங்கட அப்பா நினைக்கிறதுக்கு நேர் எதிர் என்ர அனுபவம். நான் ஒவ்வொருநாளும் கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுற ஆள், விடிய 6 மணிக்கு முதல் வெளிக்கிட வேணும். எனக்கு ஏசி இல்லாமல் சித்திரையிலை ஓடலாம், வேர்க்கும், அவ்வளவுதான். மார்கழியிலை ஏசி இல்லாமல் ஓடவே ஏலாது.

மழைக்குக் கண்ணாடி எல்லாம் ஏத்தி விட்டா காருக்குள்ளை 3 பேரின்ர மூச்சு, நனைஞ்ச குடை, நனைஞ்ச செருப்பு. ஆனையிறவு தாண்ட முதலே முன்கண்ணாடி பால் மாதிரி ஆயிடும். முந்தி நான் ஒரு துணியை மடியிலை வைச்சுத் துடைச்சுத் துடைச்சுத்தான் ஓடினனான், நவாற்குழிப் பாலத்திலை ஒருநாள் எதிரை வந்த பஸ்ஸின்ர லைற் அந்தத் துடைச்ச கோட்டிலை பட்டு ஒண்டுமே தெரியாமல் போச்சு, கை நடுங்கினது இண்டைக்கும் ஞாபகம். பிறகுதான் அந்த வளைஞ்ச அம்புக்குறி போட்ட கண்ணாடிப் பட்டன் எதுக்கெண்டு விளங்கினது. ஏசி காத்தைக் குளிராக்கிறது மட்டுமில்லை, காத்திலை இருக்கிற ஈரத்தைப் பிழிஞ்சு கீழை ஊத்தி விடுது, காருக்குக் கீழை சொட்டுறது அந்தத் தண்ணிதான். காய்ஞ்ச காத்து கண்ணாடியிலை பட்டா ஒரு நிமிசத்திலை தெளிஞ்சிடும். ஜப்பான் கார் கனத்திலை அந்தப் பட்டனை அமத்தினாலே ஏசியும் தானாப் போட்டுடும், அப்ப உங்கட அப்பா நிப்பாட்டி வைச்ச மாசங்களிலையும் நீங்கள் களவாய்ப் போட்டிருப்பியளோ தெரியாது 😄

குளிருது எண்டா சூட்டுப் பக்கம் திருப்பி விடுங்கோ, ஏசியை நிப்பாட்டத் தேவையில்லை. ஈரம் போகும் குளிரும் இராது. அம்மாவின்ர பீனிசத்துக்கும் அது பறவாயில்லை எண்டுதான் நினைக்கிறன், முகத்துக்கு நேரை காத்தை விடாமல்.

இன்னொண்டு, இது பலருக்குத் தெரியாது. சில நேரம் பனி கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பிடிக்கும். இரவு மழை விட்ட கையோடை வெளியிலை ஒரே ஈரமா இருக்கேக்கை நீங்கள் ஏசியை நல்லாக் கூட்டிக் கண்ணாடிக்கு அடிச்சா கண்ணாடியே குளிர்ந்து வெளியிலை பிடிக்கும், குளிர்ந்த சோடாப் போத்திலை மேசையிலை வைச்சா வேர்க்குமே அதுதான். அப்ப உள்ளுக்கை எவ்வளவு துடைச்சாலும் போகாது. வைப்பரைப் போட்டு, ஏசிக் குளிரைக் குறைச்சு, காத்தைக் கண்ணாடியிலை இருந்து திருப்பி விடவேணும். விரலாலை ஒருக்காத் தொட்டுப் பாத்தா எந்தப் பக்கம் எண்டு விளங்கும்.

அக்குவா_அருகதை:

ரீச்சர் சொன்னது சரி. ஆனா சீல் கதை எல்லாக் காருக்கும் பொருந்தாது எண்டதையும் சொல்லவேணும். என்ர அக்குவா, பிரியஸ் மாதிரி ரொயோட்டா ஹைபிரிட் கார்களிலை கொம்பிறசருக்கு பெல்ற் இல்லை, கறண்டிலை ஓடுற மோட்டர் கொம்பிறசருக்குள்ளையே இருக்கு, தண்டு வெளியிலை வாறேல்லை, அப்ப காயிறதுக்கு அந்தச் சீலே இல்லை. ஹைபிரிட் எண்டு பின்னுக்கு எழுதியிருந்தா எல்லாம் ஒண்டெண்டும் நினைக்க வேண்டாம், வாகன்ஆர் ஹைபிரிட்டிலை பெல்ற்தான்.

ஆனா எங்கட காருக்கு ஏசி போட வேறை காரணம் இருக்கு. பெரிய பற்றறி பின் சீற்றுக்குக் கீழை. அதைக் குளிராக்கிற காத்து எங்கையிருந்து போகுது? நாங்கள் இருக்கிற இடத்திலை இருந்துதான், பின் சீற் ஓரத்திலை ஒரு சின்ன வலை இருக்கும் பாருங்கோ. சித்திரை வெய்யிலுக்குள்ளை ஏசி போடாமல் ஓடினா அந்தச் சூட்டுக் காத்தைத்தான் பற்றறி குடிக்கும். அதிலை பாயும் உடுப்பும் போட்டு மூடி வைச்சிருக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன், பிறகு பற்றறி பழுதாப் போட்டுதெண்டு அழுவினம். கண்ணாடி இறக்கி ஓடினா புழுதியும் அதுக்குள்ளைதான் போகும், அந்த வலையையும் இடைக்கிடை துப்பரவாக்குங்கோ.

காஸ் அடிக்கேக்கையும் கவனம். ஹைபிரிட் கொம்பிறசருக்கு வேறை ஒயில், கறண்ட் கடத்தாதது. மற்றக் காருக்கு விடுற ஒயிலை விட்டா உள்ளை கறண்ட் கசிஞ்சு கார் ஸ்ரார்ட்டே எடுக்காமல் நிக்கிற கேசும் இருக்கு.

பழைய_சோமசெற்:

பிள்ளையள், நான் வயது போன ஆள், காரைப்பற்றிக் கதைச்சா என்ர கதை கொஞ்சம் பின்னுக்குப் போகும். உங்கட அப்பாவைப் பேசாதேங்கோ. 1990 க்குப் பிறகு சண்டைக்காலத் தடையாலை இஞ்சை பெற்றோல் எண்டது சாமி கும்பிடுற தீர்த்தம் மாதிரி. ஏ40, கேம்பிறிட்ஜ் எண்ட பழைய ஒஸ்ரின் கார் எல்லாம் மண்ணெண்ணெயிலை ஓடினது. கொஞ்சம் பெற்றோலைச் சின்னப் போத்தில்லை வைச்சு காபரேற்றருக்குள்ளை நாலு சொட்டு விட்டு ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடானாப்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பின்னாலை போற புகையைப் பாத்தே ஆற்ற கார் போகுதெண்டு சொல்லுவம். பிறகு 2022 இலை திருப்பி எரிபொருள் தட்டுப்பாடு, கிழமைக்கு 20 லீற்றர் எண்டு கியூஆரோடை வரிசையிலை நிண்டது உங்களுக்கே தெரியும். அந்தக் காலங்களைக் கண்ட மனுசனுக்கு மழைக்கை ஏசி போடுறது எண்டால் நெஞ்சு பதறத்தான் செய்யும்.

பெற்றோல் கணக்கைப் பாத்தா ஒண்டு சொல்லுறன். பெரிய றோட்டுகளிலை வேகமாப் போனா கண்ணாடி இறக்கிறதிலை காத்து இழுத்து அதுவும் பெற்றோல் தின்னும், ஏசி மேல் எண்டுவினம். எங்களுக்கு ஊருக்கை 50, வெளியிலை 70. அந்த வேகத்திலை கண்ணாடி இறக்கினா ஒண்டும் பெரிசா ஆகாது, ஏசிதான் கூடத் தின்னும், அதுவும் 660 சீசீ எஞ்சினுக்கு நல்லாவே தெரியும். ஏத்தத்திலை இழுக்காது எண்டு பயப்பிடத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலை ஏத்தம் எண்டு எங்கை இருக்கு, பாலம் ஏறி இறங்கிறதுதான். வெய்யிலுக்கை நிண்ட காரை எடுக்கேக்கை முதல்லை கதவுகளைத் திறந்து சூட்டை விட்டிட்டு, ரண்டு நிமிசம் கண்ணாடி இறக்கி ஓடிப்போட்டு பிறகு ஏசியைப் போட்டு உள்காத்துச் சுத்துற பட்டனையும் அமத்துங்கோ, கெதியாக் குளிரும், பெற்றோலும் மிச்சம்.

நல்லூர்_ரீச்சர்:

ஐயா, அந்த உள்காத்துப் பட்டனைக் கனநேரம் விட்டு வைக்காதேங்கோ, கொழும்புக்கு இரவிலை ஓடுற ஆக்கள் முக்கியமா. 5 பேர் கண்ணாடி ஏத்திப்போட்டு அதே காத்தையே திருப்பித் திருப்பிச் சுவாசிச்சா காபனீரொட்சைட்டுக் கூடி நித்திரை தூங்கும். முறிகண்டியிலை இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கிற சாட்டிலை ஒருக்காக் கதவெல்லாம் திறந்து விடலாம். நிக்கிற காருக்குள்ளை எஞ்சினையும் ஏசியையும் போட்டிட்டு நித்திரை கொள்ளுறது அதைவிடப் பிழை, சைலன்சர்லை ஓட்டை இருந்தா புகையிலை இருக்கிற காபனோரொட்சைட்டு எண்ட நச்சுவாயு உள்ளை வரும், அது மணக்காது, எழும்பவே மாட்டியள்.

ரொறொன்ரோ_தம்பி:

இஞ்சை கனடாவிலையும் நாங்கள் குளிர்காலத்திலை ஏசி ஓடுறதைச் சொன்னா ஊரிலை சிரிக்கினம். கண்ணாடிப் பட்டனை அமத்தினா ஏசியும் ஹீற்றரும் சேர்ந்துதான் வேலை செய்யும். நல்லா உறைஞ்ச நாளிலை கொம்பிறசர் தானே ஓடாமல் நிக்கும், கொயில்லை ஐஸ் கட்டாமல் இருக்க. போன மார்கழி ஊருக்கு வந்து மச்சான்ர காரிலை ஏசியைப் போட்டா ஊறின சாக்கு மணம். ஏன் அப்பிடி?

ஸ்பனர்_பன்ரண்டு:

ரொறொன்ரோத் தம்பி, அது நனைஞ்ச கொயில்லை பூஞ்சணம். வீட்டை வந்து சேர 3, 4 நிமிசம் முதல் ஏசியை மட்டும் நிப்பாட்டிப்போட்டு ஃபானை ஓட விட்டா கொயில் காய்ஞ்சிடும். மச்சான் காரை வேப்பமரத்துக்குக் கீழை விடுறவரோ எண்டும் கேளுங்கோ. பங்குனி சித்திரையிலை வேப்பம்பூ கொட்டி வைப்பருக்குக் கீழை இருக்கிற சல்லடைக்குள்ளாலை உள்ளை போய் பில்டர்லை மெத்தை மாதிரிக் கிடக்கும். கனக் காரிலை டாஷ்போர்ட் பெட்டியைக் கழட்டினா அதுக்குப் பின்னாலைதான் பில்டர், ஸ்குறூ டிரைவர் கூடத் தேவையில்லை. தண்ணி போற குழாய் அடைச்சா பக்கத்துச் சீற்றின்ர கால்மிதி நனையும், மழைத்தண்ணி வருதெண்டு கதவு றப்பரை மாத்தின ஆக்களும் இருக்கினம்.

பருத்தித்துறை_வாடை:

ரண்டு கிழமைக்குப் பிறகு வாறன், குறை நினைக்காதேங்கோ. வேறை ஒரு இடத்திலை சாயம் போட்டு அடிச்சம், இந்தமுறை நான் பக்கத்திலையே கதிரை போட்டு இருந்தனான். வக்கியூம் இழுத்தது 40 நிமிசம். ஊசி நிண்ட மாதிரித்தான் நிண்டது, நானும் அப்ப ஓட்டை இல்லைப்போலை எண்டு நினைச்சன், அவர் சொன்னார் சின்னக் கசிவு இதிலை பிடிபடாது, ஓடிப்போட்டு வாங்கோ எண்டு. நேற்றுப் பின்னேரம் கொண்டுபோய் ஷட்டரை இழுத்து மூடிப்போட்டு லைற் அடிச்சார். கொம்பிறசர் பக்கம் ஒண்டுமே இல்லை, காய்ஞ்சு துப்பரவாக் கிடக்கு. கொண்டென்சர் கீழ் மூலை, இடப்பக்கம், பச்சையாச் சொட்டுச் சொட்டா மினுங்குது. ஸ்பனர் அண்ணை, நீங்கள் எழுதின அதே மூலை.

அப்பரும் வந்தவர். குனிஞ்சு பாத்திட்டு "அப்ப நான் நிப்பாட்டினதாலை இல்லை" எண்டு ஒரே சொல்லு, வீடு வரும் வரைக்கும் அதையே 4 தரம் சொன்னார். வரேக்கை வல்லிபுரக்குறிச்சியிலை மழை பிடிச்சுக் கண்ணாடி மூட, நான் பட்டனை அமத்தினன், பேசேல்லை.

இப்ப கேள்வி கொண்டென்சர். கழட்டின பழைய ஜப்பான் சாமான் ஒண்டு சொல்லுகினம், புதுசு அதைவிட ரண்டு மடங்குக்குக் கிட்ட. எதை எடுக்கிறது?

ஸ்பனர்_பன்ரண்டு:

கடற்கரைக்குப் புதுசு எடுங்கோ. பழையதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு தெரியாது, எத்தினை நாள் வாய் திறந்து கிடந்ததோ. எதை எடுத்தாலும் ஈரம் உறிஞ்சிற டிறையரையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்கோ, உங்கட காரிலை அது கொண்டென்சரோடையே ஒட்டியிருக்கும் எண்டு நினைக்கிறன், புதுசிலை சேர்ந்து வருதோ எண்டு கேட்டு வாங்குங்கோ. ஓ றிங் (குழாய் மூட்டிலை போடுற றப்பர் வளையம்) எல்லாம் புதுசு, ஒயில் தொட்டுப் பூட்ட வேணும். கழட்டின பழையதையும் கையோடை கேட்டு வாங்குங்கோ, அப்பருக்குக் காட்ட.

அதுக்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கா முன் கிறிலுக்குள்ளாலை நல்லதண்ணி ஹோஸ் பிடிச்சு உப்பைக் கழுவி விடுங்கோ. மெதுவா. பிறஷர் அடிச்சா தகடு மடங்கும்.

கொக்குவில்_குறுக்கால:

அண்ணை, ஆல்ற்றோவுக்கு முழு ஏசியும் பூட்ட எவ்வளவு முடியும் எண்டு ஒரு மதிப்புச் சொல்லுவியளோ. மனுசி இதை வாசிச்சிட்டா.